அட்ரீனலில் தற்செயலாகத் தெரிந்த 2.4 செ.மீ. கட்டி: பயாப்ஸி எடுக்கலாமா?

ஊர்ப்புற டாக்டர்:
54 வயதுப் பெண். பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த கான்ட்ராஸ்ட் சி.டி.யில் இடது அட்ரீனலில் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் ஹார்மோன் சுரப்பி) 2.4 செ.மீ. கட்டி, 64 ஹெச்.யூ. (சி.டி.யில் அடர்த்தியின் அளவு) என்று ரிப்போர்ட். சுகர் உண்டு. பிரஷருக்கு ஆம்லோடிபின், டெல்மிசார்டன். பொட்டாசியம் 3.3. புற்றுநோய் இருந்ததில்லை. வீட்டார் பயந்துபோய் பயாப்ஸி கேட்கிறார்கள். பித்தப்பை ஆபரேஷனுக்கும் தேதி குறித்தாயிற்று.

படம் பார்ப்பவன்:
அந்த 64-ஐ விட்டுவிடுங்கள் சார். மருந்து ஏறிய பிறகு அளந்த எண் அது, சாதாரண அடினோமாவும் (தீங்கற்ற கட்டி) அப்படித்தான் காட்டும். முதலில் அட்ரீனலுக்கு மட்டும் பிளெயின் சி.டி. (மருந்து ஏற்றாமல்), மெல்லிய ஸ்லைஸ். கட்டியின் ஓரத்தைத் தொடாமல் உள்பகுதியில் பெரிய வட்டம் போட்டு அளக்கச் சொல்லுங்கள். ஓரத்துக் கொழுப்பு வட்டத்துக்குள் வந்தால் எண் பொய்யாகக் குறையும்.

கட்டி முழுக்க ஒரே சீராக 10 ஹெச்.யூ. அல்லது அதற்குக் கீழ் என்றால் தீங்கற்றது. எவ்வளவு பெரிதானாலும் மறுபடி படம் தேவையில்லை. 11 முதல் 20 வரை, சீராக, 4 செ.மீ.க்குக் கீழ் என்றால் உடனே வேறு வகைப் படம், இல்லையேல் 12 மாதம் கழித்து. 20-ஐத் தாண்டினால் தனியாக முடிவெடுக்கும் வேலை இல்லை, சர்ஜனையும் சேர்த்து உட்காருங்கள். வாஷ்அவுட்டை (ஏற்றிய மருந்து கட்டியிலிருந்து வடியும் வேகம்) மட்டும் நம்பாதீர்கள். ஃபியோகுரோமோசைட்டோமாவும் (ஃபியோ: பிரஷரை எகிறவைக்கும் ஹார்மோன் சுரக்கும் கட்டி) அடினோமா மாதிரியே வடிந்து காட்டும்.

ஹார்மோன் பிரிவு:
பயாப்ஸி வேண்டாம். ஃபியோ இல்லை என்று தெரியாமல் ஊசியை நுழைத்தால் பிரஷர் எகிறி ஆளே போய்விடலாம். அடினோமாவா அட்ரீனல் புற்றா என்று ஊசி நம்பகமாகப் பிரித்தும் சொல்லாது.

இப்படிக் கட்டி தெரிந்த எல்லோருக்கும் உரிய டெஸ்ட், கட்டி கார்டிசால் ஹார்மோனை அடங்காமல் சுரக்கிறதா என்று பார்க்க: இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் 1 மி.கி. (0.5 மாத்திரை இரண்டு), மறுநாள் காலை 8–9க்கு கார்டிசால். டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் வரை நார்மல். ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபின், ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு டெக்ஸாமெத்தசோன் உடலில் சீக்கிரம் சிதைந்து எண் பொய்யாக ஏறும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் ஏற்றும். மூட்டு வலிக்கு வாங்கும் பேர் தெரியாத பொடியில் ஸ்டீராய்டு இருந்தால் நேர்மாறு. அதைக் கேட்டுவிட்டு டெஸ்ட் எழுதுங்கள்.

இவருக்குப் பிரஷரும், குறைந்த பொட்டாசியமும் (3.3) இருப்பதால் ஆல்டோஸ்டீரோன்–ரெனின் விகிதமும் (ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் அதிகம் சுரக்கிறதா என்று காட்டும்) கட்டாயம். பொட்டாசியத்தை 4 அளவுக்கு ஏற்றிய பிறகு ரத்தம் எடுங்கள், குறைவாக இருந்தால் ஆல்டோஸ்டீரோனும் சுருங்கிவிடும். டெல்மிசார்டன் ரெனினைத் தூக்கும். அப்படியும் ரெனின் அடிமட்டத்தில் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பாசிட்டிவ் வந்தாலும் படத்தில் கட்டி இருக்கும் பக்கம்தான் குற்றவாளி என்று வெட்டிவிடக் கூடாது. இந்த வயதில் அட்ரீனல் சிரை ரத்தம் எடுத்துப் பார்க்காமல் பக்கத்தை முடிவு செய்ய முடியாது.

ஊர்ப்புற டாக்டர்:
பிளெயினில் 7 வந்தால் மெட்டாநெஃப்ரின் டெஸ்டும் (ஃபியோவைக் கண்டுபிடிக்க) வேண்டுமா?

ஹார்மோன் பிரிவு:
வேண்டாம், சீராக 10க்குள் இருந்தால் ஃபியோ பயமில்லை. 10-ஐத் தாண்டினால் கட்டாயம்.

லேப் மேசை:
ரத்த மெட்டாநெஃப்ரின் என்றால் 20–30 நிமிடம் படுக்க வைத்துவிட்டு, படுத்தபடியே எடுக்க வேண்டும். உட்கார வைத்து எடுத்ததாலேயே நிறையப் பொய் பாசிட்டிவ் வருகிறது. அமிட்ரிப்டிலினும் ஏற்றும். 24 மணி நேரச் சிறுநீர் என்றால் முதல் நாள் காலைச் சிறுநீரைக் கொட்டிவிட்டு, மறுநாள் காலைச் சிறுநீரையும் சேர்த்து முடிக்கச் சொல்லுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

ஹார்மோன் பிரிவு:
பித்தப்பை ஆபரேஷன் அவசரமில்லை என்றால் தேதியைத் தள்ளுங்கள். ஃபியோ என்று வந்தால் அது முதலில்: பிரசோசின் போன்ற ஆல்ஃபா பிளாக்கர் 7–14 நாள், கூடவே உப்பும் தண்ணீரும். பீட்டா பிளாக்கர் அதற்குப் பிறகுதான். டெக்ஸா டெஸ்டில் கார்டிசால் அடங்காத கட்டியை எடுக்க நேர்ந்தால், ஆபரேஷன் அன்றே ஹைட்ரோகார்டிசோன் தொடங்க அனஸ்தீசியாக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.