கணுக்கால் பிசகினால் மைதானத்தில் என்ன செய்யணும்?

கேள்வி: பள்ளி கபடி அணியின் முதலுதவி என் பொறுப்பு. ஐஸ் எவ்வளவு நேரம் வைக்கலாம்? கிரேப் பேண்டேஜை எப்படிச் சுற்றணும்?

பதில்: ஐஸை ஈரத்துணியில் சுற்றி 15–20 நிமிடம் வையுங்க சார். வெறும் தோலில் வைத்தால் புண்ணாகும். பேண்டேஜை விரல்களின் அடியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி மேல்நோக்கிச் சுற்றுங்க. குதிகாலைத் திறந்து விட்டால் வீக்கம் அங்கே தேங்கும். முடித்ததும் கால் பெருவிரல் நகத்தை வெளுக்கும்வரை அழுத்திட்டு கையை எடுங்க. 2 விநாடியில் சிவப்பு திரும்பலைன்னா கட்டு இறுக்கம், அவிழ்த்துக் கட்டுங்க.

பதில்: முதல் 48 மணி நேரம் தைலம் போட்டு நீவவே கூடாது, வீக்கம் ஏறும். வீட்டிலும் சொல்லி அனுப்புங்க, பாட்டிமார் உடனே நீவி விடுவாங்க.

பதில்: நாலு எட்டு வைத்து நடக்க முடியலைன்னாலோ, கணுக்காலின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிச்சாலோ எக்ஸ்ரே கட்டாயம்.