செமி-ஹாலோ மறுவெளியீட்டுக் கிட்டார்: ஸ்டாப் டெயில்பீஸா, பிக்ஸ்பியா? வேரிடோன் வேண்டுமா?

ஆறாம்தந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிப்சன் நிறுவனம் 1959-இல் அறிமுகப்படுத்திய இ.எஸ்-345 என்ற செமி-ஹாலோ (நடுவில் மரக்கட்டையும் இரு பக்கமும் வெற்றிடமும் கொண்ட உடல்) வடிவத்தை ஒட்டிய மறுவெளியீட்டுக் கிட்டார் ஒன்றுக்கு முன்பதிவு செய்ய இருக்கிறேன். படிவத்தில் இரண்டு இடங்களில் பேனா நின்றுவிட்டது. முதலாவது, கம்பிகளின் பின்முனையைப் பிடித்து நிறுத்தும் டெயில்பீஸ். உடலில் பதித்த இரண்டு திருகுகளின் மேல் உட்காரும் ஸ்டாப் டெயில்பீஸ், கைப்பிடியும் சுருள்வில்லும் கொண்டு சுருதியை அசைக்கும் பிக்ஸ்பி, கீழ் விளிம்பில் பிணைத்து மேற்பலகையைத் தொடாமல் நிற்கும் டிரபீஸ் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது கட்டுப்பாடுகள். வழக்கமான இரண்டு வால்யூம், இரண்டு டோன் மட்டும் போதுமா, அல்லது அவற்றோடு ஒலியின் தன்மையை மாற்றும் ஆறு நிலைச் சுவிட்சான வேரிடோனும் ஸ்டீரியோ இணைப்பும் வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

நான் வாசிப்பது பெரும்பாலும் ப்ளூஸும் பழைய சோல் பாணி ரிதமும். 10-46 பருமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) கம்பிகள் போடுகிறேன். ஒரு கம்பியை நிலையாகப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கம்பியைப் பெண்ட் செய்யும், அதாவது விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றும் பழக்கம் என் வாசிப்பில் அதிகம். நண்பர் ஒருவருடைய பிக்ஸ்பி கிட்டாரை ஒரு மாலை முழுவதும் வாசித்தேன். கார்டு (சுரக்கூட்டு) அடங்கும் தறுவாயில் கைப்பிடியை லேசாகத் தொட்டதும் ஒலி நீர்ப்பரப்பைப் போல் அசைந்த விதம் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. அரை மணி நேரத்துக்குள் மூன்றாம் கம்பி சுருதி விலகியதும் மறக்கவில்லை. இவற்றோடு பழகியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பணிமேசை எழுதியது:

டெயில்பீஸை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனெனில் அது மரத்தில் துளையாக நிற்கப்போகிறது. ஸ்டாப் டெயில்பீஸுக்கான துளைகளோடு பிறந்த கிட்டாரில், அந்தத் துளைகளையே பிடிமானமாகக் கொள்ளும் இணைப்புத் தகட்டின் உதவியால், மேற்பலகையில் புதிதாக ஒரு துளையும் இடாமல் பின்னாளில் பிக்ஸ்பி பொருத்திக்கொள்ளலாம். துளைகளே இல்லாமல் பிக்ஸ்பியோடு பிறந்த கிட்டாரை ஸ்டாப்புக்கு மாற்ற வேண்டுமானால், மெருகு முடிந்த மேற்பலகையில் இரண்டு பெரிய துளைகளைத் துல்லியமாக இட வேண்டியிருக்கும். இதே வகைச் செமி-ஹாலோவான பழைய இ.எஸ்-335 கிட்டார்கள் சிலவற்றில், பிக்ஸ்பி கேட்டவர்களுக்காக, ஸ்டாப் துளைகளின் மேல் 'கஸ்டம் மேட்' என்று பொறித்த சிறிய தகட்டை ஆலையிலேயே பதித்து மறைத்து அனுப்பினார்கள். ஆகவே நீங்கள் பிக்ஸ்பியையே கேட்பதாக இருந்தாலும், துளைகளோடு தருவார்களா என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

சுருதி விலகலுக்கு வருகிறேன். என் மேசைக்கு வரும் பிக்ஸ்பி கிட்டார்களில் பழி பெரும்பாலும் பிக்ஸ்பியின் மேல் விழுகிறது, குற்றம் பெரும்பாலும் நட்டில், அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பள்ளங்களில் அமரும் சிறு கட்டையில் இருக்கிறது. மூன்றாம் கம்பியின் சுருதியை மெதுவாக ஏற்றிக்கொண்டே காதை நட்டுக்கு அருகில் கொண்டுபோங்கள். 'டிங்' என்று ஓர் ஓசை கேட்டுச் சுருதி ஒரேயடியாகத் தாவினால், பள்ளம் கம்பியைக் கவ்விப் பிடித்திருக்கிறது என்று பொருள். பக்கத்துக்கு மூன்று சுருதி ஆணிகள் கொண்ட இவ்வகைத் தலைப்பகுதியில் மூன்றாம், நான்காம் கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் அதிகம் விலகிச் செல்வதால், அவைதாம் முதலில் சிக்குகின்றன. பள்ளத்தைக் கம்பியின் பருமனுக்கு ஏற்பச் சீராக அரவி, பென்சில் முனையின் கரித்தூளைத் தேய்த்துவிட்டால் பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதி பிக்ஸ்பியின் வகையைப் பொறுத்தது. பி-7 வகையில் கம்பிகளைக் கீழே அழுத்தும் உருளைத்தண்டு ஒன்று முன்புறம் இருக்கிறது. அதனால் உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேல் அழுத்தம் கூடுகிறது, உராயும் இடமும் ஒன்று கூடுகிறது. பி-3, பி-6 வகைகளில் அந்தத் தண்டு இல்லை. செமி-ஹாலோ உடலில் பொதுவாகப் பார்ப்பது பி-7 தான். அதில் கம்பி தண்டின் கீழிருந்து செங்குத்தாக ஏறினால் பிரிட்ஜில் கம்பிகள் அமரும் சேடில்களில் சிக்கும்.

டிரபீஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இ.எஸ்-335 1958-இல் வந்தபோது ஸ்டாப் டெயில்பீஸோடுதான் வந்தது, 1965 வாக்கில்தான் டிரபீஸுக்கு மாறியது. நீங்கள் 1959-ஐ நாடுகிறீர்கள் என்றால் டிரபீஸ் அந்தக் கிட்டாருக்குரியது அன்று. பிரிட்ஜுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் கம்பிகள் தாமாக முனகும், அங்கே ஒரு துண்டு ஃபெல்ட் செருக வேண்டிவரும்.

மின்சுற்று எழுதியது:

டெயில்பீஸ் விஷயத்தில் மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் கட்டுப்பாடுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். முழுமரக் கிட்டாரில் பின்மூடியைக் கழற்றினால் பொட்டுகள் (குமிழிகளின் அடியில் உள்ள மாறுதடைகள்) கண்முன்னே இருக்கும். செமி-ஹாலோவில் மூடியே இல்லை. ஒவ்வொரு பொட்டையும் நூலிலோ மெல்லிய குழாயிலோ கட்டி, எஃப் வடிவத் திறப்பின் வழியாக வெளியே எடுத்து, வேலை முடிந்ததும் அதே வழியாக உள்ளே இழுத்து அதனதன் துளையில் நிறுத்த வேண்டும். நான் முதன்முறை செய்தபோது, கேபிள் செருகும் ஜாக்கின் மின்கம்பி ஒன்று உள்ளே அறுந்து, மொத்தத்தையும் மீண்டும் வெளியே எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று. ஆகவே எது வேண்டுமோ அதை இப்போதே கேட்டுப் பெறுங்கள்.

வேரிடோன் என்பது சுருளும் கெப்பாசிட்டர்களும் கொண்ட ஒரு சுழல் சுவிட்ச். முதல் நிலையில் வடிகட்டல் இல்லை. 2 முதல் 6 வரையிலான நிலைகளில், ஒவ்வொரு கெப்பாசிட்டரும் சுருளோடு சேர்ந்து ஒலியின் ஒரு குறிப்பிட்ட பட்டையை நிலத்துக்கு (எர்த்துக்கு) இறக்கிவிடுகிறது. எண் ஏற ஏறக் கெப்பாசிட்டரின் மதிப்பு பெருகி, அந்தப் பள்ளம் கீழ்ச்சுருதிகளை நோக்கி நகர்கிறது. அதனால்தான் கடைசி நிலைகளில் ஒலி மெலிந்து மூக்கால் பேசுவதுபோல் ஆகிறது, ஒலியளவும் குறைகிறது. ரிதம் வாசிப்பில் இரண்டாம், மூன்றாம் நிலைகளுக்கு உண்மையான பயன் உண்டு என்பது என் கருத்து. மற்றவற்றை நான் ஆண்டுக்கு ஒருமுறை தொட்டால் அதிகம்.

ஸ்டீரியோ இணைப்பில் எச்சரிக்கை தேவை. மூல இ.எஸ்-345-இல் கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் இரு பிக்கப்புகளும் இரு வேறு ஆம்ப்களுக்குச் செல்லும்படி அமைந்திருந்தன. சாதாரண மோனோ கேபிளைச் செருகினால் ஒரு பிக்கப்பின் ஒலி வராது. இரண்டையும் மோனோவாகச் சேர்க்கும்போது, பிக்கப்புகள் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் இருந்தால், நடுநிலையில் ஒலி ஒடுங்கிப்போகும். எப்போதும் ஒரே ஆம்ப்பில் வாசிப்பவராக இருந்தால் ஸ்டீரியோ உங்களுக்குச் சுமைதான். மேலும் 345-இல் சுருளுக்கும் சுவிட்சுக்கும் இடம் தர, பிரிட்ஜ் பிக்கப்பின் கீழ் நடுக்கட்டையைக் குடைந்திருப்பார்கள். வேரிடோன் இல்லாமல் தரும்போது அந்தக் கட்டை முழுதாக இருக்குமா என்றும் கேளுங்கள்.

வேரிடோனைவிட அதிக மாற்றத்தைத் தரும் ஒன்றைப் பலர் கேட்பதே இல்லை. டோன் கெப்பாசிட்டரை வால்யூம் பொட்டின் உள்வாயில் இணைக்காமல், வெளிவாயில் இணைக்கும் 1950-களின் முறை அது. பிக்கப்புக்கும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸுக்கும் இடையே பொட்டின் தடை குறுக்கிடுவதால், சாதாரண இணைப்பில் வால்யூமை 10-இலிருந்து 7-க்குக் குறைத்ததும் ஒலியின் மேல் போர்வை போர்த்தியதுபோல் கூர்மை மங்கும். பழைய முறையில் அந்த மங்கல் வெகுவாகக் குறைகிறது. பதிலுக்கு வால்யூமும் டோனும் ஒன்றையொன்று இழுக்கும், இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். 500 கிலோ ஓம் பொட்டும் 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் இருக்கட்டும். ப்ளூஸ் வாசிப்பவர் வால்யூம் குமிழியிலேயே பாதி உணர்ச்சியைக் காட்டுகிறார் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

இரவுமீட்டல் எழுதியது:

பிக்ஸ்பியை விட்டுப் பிரிய மனமில்லாதவன் என்ற முறையில் எழுதுகிறேன். அப்படியிருந்தும், உங்கள் கேள்வியில் உள்ள ஒரு வரி உங்களை ஸ்டாப்பை நோக்கியே தள்ளுகிறது. ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கம்பியைப் பெண்ட் செய்யும்போது, பெண்ட் ஆகும் கம்பியின் கூடுதல் இழுவிசைக்குச் சுருள்வில் சற்று இணங்கிக் கொடுக்கிறது. உடனே மற்ற ஐந்து கம்பிகளும் இம்மியளவு தளர்கின்றன. நீங்கள் நிலையாகப் பிடித்திருக்கும் சுரம் காதுக்கு எட்டும் அளவுக்குக் கீழே இறங்கும். எந்த நட்டைப் போட்டாலும் இது போகாது, ஏனெனில் இது பழுதன்று, அந்தப் பொறியின் இயல்பு. நானே அத்தகைய பெண்ட்களைக் கைவிட்டு, சுரத்தைக் கைப்பிடியால் அசைக்கும் பாணிக்கு மாறினேன்.

கம்பி மாற்றுவதும் வேறு வேலை. கம்பியின் குண்டு முனையைத் தண்டின் அடியில் உள்ள சிறு முளையில் மாட்டி, நழுவாமல் ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி மறுகையால் சுருதி ஆணியைச் சுற்ற வேண்டும். மாட்டுவதற்கு முன் முனையைக் குறட்டால் வளைத்துக்கொண்டால் நழுவாது.

நீர்ப்பரப்பைப் போல் என்று எழுதினீர்களே, அந்த அசைவை வேறொன்றும் தராது. அது உங்களுக்கு அவ்வப்போது வேண்டுமா, வாசிக்கும் ஒவ்வொரு பாட்டிலும் வேண்டுமா என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

ஆறாம்தந்தி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு என் பழைய பதிவுகளைக் கேட்டேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இரு கம்பி பெண்ட் வருகிறது. ஆகவே ஸ்டாப் டெயில்பீஸ், மோனோ, வேரிடோன் இல்லை, 1950-களின் இணைப்பு முறை என்று எழுதி அனுப்புகிறேன். நடுக்கட்டையைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். டெயில்பீஸை உடலைத் தொடும் வரை இறக்கித் திருகிவிட்டால் ஒலி நீடிக்கும் என்கிறார்களே, அது சரியா?

பணிமேசை எழுதியது:

கண்ணை மூடிக்கொண்டு இறக்காதீர்கள். இறக்க இறக்கக் கம்பி பிரிட்ஜின் பின்விளிம்பில் இடிக்கத் தொடங்கும். அப்போது கம்பி சேடிலில் மட்டும் வளையாமல் இரண்டு இடங்களில் வளைந்து உராயும், காலப்போக்கில் பிரிட்ஜும் முன்பக்கம் சாயும். ஒரு காகிதத் துண்டைக் கம்பிக்கும் பின்விளிம்புக்கும் இடையே நுழைத்துப் பாருங்கள். ஆறு கம்பிகளின் கீழும் அது தடையின்றி நகரும் உயரத்தில் நிறுத்திவிடுங்கள்.