மின்கடத்தல் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ளலாமா?

கொழிஞ்சாம்பாறை மாணவன்:
பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, இவ்வாண்டு மின்னியலில் பி.டெக். பட்டம் பெற்றேன். புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் உயர் அழுத்த நேர்மின்சார லைன் எங்கள் மாவட்டத்தின் வழியே போவதைப் பார்த்ததிலிருந்து மின்கடத்தல் ஆராய்ச்சியில் எனக்கு நாட்டம் உண்டாயிற்று. ('கடத்தல்' என்றதும் பாட்டிக்கு வாளையார் சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வந்தது.) வீட்டிலோ மின்வாரியத் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளரின் அன்றாட வேலை என்ன, அதில் நிலையான பதவி கிடைக்குமா என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற வாரியப் பொறியாளர்:
தம்பி, வாரிய வேலையை இளக்காரமாக எண்ண வேண்டாம். கம்பியைக் கோபுரத்திலிருந்து மின்காப்போடு தாங்கும் இன்சுலேட்டரில் படியும் உப்பும் தூசியும் பனியில் நனைந்து, அதன் மேற்பரப்பில் மின்பொறி ஓடுவதைக் களத்தில் கண்டவனுக்கு ஆய்வகக் கேள்விகள் எளிதில் விளங்கும்.

பெங்களூர் ஆய்வாளர்:
ஐயா சொல்வதில் எனக்கும் உடன்பாடே. நீங்கள் பார்க்கும் அந்த லைனிலேயே இத்துறையின் சாரம் இருக்கிறது. 2021இல் தொடங்கிவைக்கப்பட்ட அது ±320 கிலோவோல்ட்டில் (ஒரு கம்பியில் +320, மற்றதில் −320) 2000 மெகாவாட் கொண்டுசெல்ல வல்லது; வடக்கஞ்சேரி வரை கோபுரங்களில் வந்து, வீடுகள் நெருங்கிய கேரள நிலத்தில் கோபுரப் பாதைக்கு இடம் கிடைப்பது அரிதென்பதால், அங்கிருந்து மண்ணுக்கடியில் கேபிளாகச் செல்கிறது. மாறுமின்சாரத்தில் நீண்ட கேபிள் ஒரு மின்தேக்கியைப் போல இடைவிடாமல் சார்ஜிங் கரண்ட்டை (தன்னை ஏற்றி இறக்கத் தேவைப்படும் மின்னோட்டத்தை) இழுத்துக்கொண்டே இருப்பதால், தொலைவு கூடக் கூடப் பயனுள்ள மின்சாரத்துக்கு அதில் இடம் குறைந்துவிடும். நேர்மின்சாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

அன்றாட வேலை பெரும்பாலும் காத்திருப்புதான். இடிமின்னலைப் போன்ற இம்பல்ஸ் சோதனையில் மின்னழுத்தம் 1.2 மைக்ரோநொடியில் உச்சத்துக்கு ஏறி, 50 மைக்ரோநொடியில் பாதியாக இறங்கும். அந்தக் கணத்துக்காக நாள் முழுவதும் மாதிரியைத் துடைத்து, காற்றின் ஈரத்தையும் அழுத்தத்தையும் குறித்துவைக்க வேண்டும். ஸ்வீடனின் ஊனோ லாம், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் பாதரச வால்வுக்குக் காப்புரிமை பெற்றது 1929இல். அதைக் கொண்டு காட்லாந்து தீவுக்குக் கடலடிக் கேபிளில் 20 மெகாவாட் சென்றது 1954இல்தான். இந்தக் கால அளவைக் கேட்டு உங்களுக்குச் சலிப்புத் தட்டினால் வாரியத் தேர்வே உத்தமம்.

நிலையான பதவிகள் குறைவு. தொடக்கத்தில் ஒப்பந்தப் பணியே கிடைக்கும். கேட் தேர்வு எழுதி, உயர் அழுத்தப் பொறியியலில் முதுகலை சேருங்கள். பெங்களூரில் 1960இல் நிறுவப்பட்ட மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனமும் அதன் ஹைதராபாத் ஆய்வகமும் இந்திய அறிவியல் கழகமும் நீங்கள் கவனிக்க வேண்டிய இடங்கள்.

கொழிஞ்சாம்பாறை மாணவன்:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. கேட் எழுதத் தீர்மானித்துவிட்டேன். ஓர் ஐயம்: அந்த லைன் 1000 மெகாவாட் வீதம் இரண்டு தனி இணைப்புகள் என்று படித்தேன். இரு கம்பிகளுக்கிடையே 640 கிலோவோல்ட் என்று கொண்டு வகுத்தால், முழுச்சுமையில் ஓர் இணைப்புக்கு ஏறத்தாழ 1560 ஆம்பியர் வருகிறது. சரிதானா?

பெங்களூர் ஆய்வாளர்:
சரி. இனி, அந்த மின்னோட்டத்தில் கேபிள் எவ்வளவு சூடாகும், அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள மண் எப்படி வாங்கிக்கொள்ளும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.