சிறுநீரகக் கட்டி: ரோபோ அறுவை சிகிச்சை வயிற்றின் வழியாகவா, முதுகுப்புறமாகவா?

பட்டர்வொர்த் மகள்:
வணக்கம். 63 வயதான என் தாயாரின் இடது சிறுநீரகத்தில், பின்பக்கமாக, 3.5 சென்டிமீட்டர் கட்டி இருப்பது சிடி ஸ்கேனில் தெரியவந்துள்ளது. சிறுநீரகத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் ரோபோ உதவியுடன் அகற்றலாம் என்பதில் நாங்கள் பார்த்த இரு மருத்துவர்களும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் பினாங்கில் பார்த்தவர் வயிற்றின் வழியாகச் செய்வதாகச் சொல்ல, கோலாலம்பூரில் பார்த்தவரோ விலாவுக்குக் கீழே முதுகுப்புறமாகச் செல்வதே நல்லது என்கிறார். அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. முன்பு வயிற்றைத் திறந்து குடல் அறுவை சிகிச்சையும் நடந்திருக்கிறது. எந்த வழி பாதுகாப்பானது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அறுவைக்கூடத் தாதி, கோலாலம்பூர்:
சகோதரி, இரண்டுமே நிலைபெற்ற முறைகள்தாம். கட்டியை முழுமையாக அகற்றுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

வயிற்றின் வழியாகச் செல்லும்போது கருவிகள் இயங்க இடம் தாராளமாகக் கிடைக்கும். சிறுநீரகத்தின் முன்பக்கக் கட்டிகளுக்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் குடலை விலக்கிவிட்டுத்தான் சிறுநீரகத்தை அடைய முடியும் என்பதால், பழைய அறுவை சிகிச்சையால் உள்ளே ஒட்டுத்திசு (உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தழும்பு) உருவாகியிருந்தால் அதை நிதானமாகப் பிரித்தெடுக்கவே நேரம் போய்விடும். கட்டி பின்பக்கம் இருந்தால் சிறுநீரகத்தையே புரட்டிப் பிடிக்கவும் வேண்டும்.

முதுகுப்புற வழியில் வயிற்றறைக்குள் நுழைவதே இல்லை. சிறு பலூனை உள்ளே விரித்து இடம் உண்டாக்கி, அதன்பின் கருவிகளைச் செலுத்துவார்கள். சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி, இரத்தத்தை வெளியே எடுத்துச்செல்லும் சிரைக்குப் பின்னால் இருப்பதால், இவ்வழியில் அதை நேராக அடைந்துவிடலாம். இடம் மிகக் குறுகியது என்பதும், பழகாத மருத்துவருக்குத் திசை பிடிபடுவது கடினம் என்பதும் இதன் குறைகள்.

வெட்டும்போது குருதி பெருகாதிருக்கத் தமனியைக் கிளிப் போட்டு அடைப்பார்கள். அந்த நொடியிலிருந்து எங்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். கட்டியை வெட்டி, தையல் போட்டு, கிளிப்பை எடுக்கும்வரை கூடத்தில் வேறு பேச்சு இருக்காது. பொதுவாக 25 நிமிடங்களுக்குள் முடிக்கவே முயல்வார்கள். நீரிழிவு உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு, இரத்தம் வராத இந்த நேரம் குறைவது மிகவும் முக்கியம். நீங்கள் சொல்லும் விவரங்களை வைத்துப் பார்த்தால், முதுகுப்புற வழியைப் பரிந்துரைத்ததற்குத் தக்க காரணம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

செந்தூல்வாசி:
மகளே, எனக்கு வயிற்றின் வழியாகத்தான் செய்தார்கள். என் கட்டி முன்பக்கம் இருந்தது. காயத்தைவிட, உள்ளே செலுத்திய வாயுவால் வந்த தோள்பட்டை வலியும் வயிற்று உப்புசமுமே என்னைப் படுத்தின. காற்றுப் பிரிந்த பிறகுதான் கஞ்சி குடிக்க மனம் வந்தது. இருந்தாலும் நலமாகவே தேறினேன்.

பட்டர்வொர்த் மகள்:
அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. பினாங்கு மருத்துவர் ரோபோ அறுவை சிகிச்சையில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்பதுதான் எங்களைத் தயங்க வைக்கிறது.

அறுவைக்கூடத் தாதி, கோலாலம்பூர்:
தயக்கம் நியாயமானதே. ஆனால் எந்த அறுவை சிகிச்சையில் அந்த அனுபவம் என்று தெளிவாகக் கேளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையில் 2004ஆம் ஆண்டு ரோபோ முறை தொடங்கியபோது புராஸ்டேட் சுரப்பிக்குத்தான் பயன்பட்டது; இன்றும் பலருக்கு அதில்தான் கைப்பழக்கம் மிகுதி. சிறுநீரகத்தின் ஒரு பகுதியை மட்டும் அகற்றும் சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், அதில் எத்தனை முதுகுப்புறமாக என்று இருவரிடமும் கேட்பதில் தவறே இல்லை. முதுகுப்புற வழியில் பழக்கமில்லாதவரை அவ்வழியில் செய்யச் சொல்லி வற்புறுத்த மட்டும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் செய்தாலும், வீடு திரும்பி ஓரிரு வாரங்கள் கழித்துச் சிறுநீரில் திடீரென இரத்தம் வந்தால், வெட்டிய இடத்தில் இரத்தக்குழாய் புடைத்துக் கசிவது காரணமாக இருக்கலாம். மறு சந்திப்புத் தேதிவரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தொடை வழியாகச் சிறு குழாயைச் செலுத்தி, கசியும் இடத்தை அடைத்துவிட முடியும்.