ஆறு வாரத்தில் தோண்டக் கிடைப்பது 20 நாள்: கிரேக்கத்தில் கோடை அகழாய்வு நடத்துவோருக்கு

இயக்குநர் பக்கமிருந்து:

முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நாட்காட்டியைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள். 6 வாரம் என்றால் 30 வேலை நாள். முதல் 3 நாள் புல் பிடுங்கவும், மழையில் சரிந்த மண்ணை அள்ளவும், பழைய குழிமேல் விரித்த துணியை எடுக்கவும், உயரம் அளப்பதற்கான மட்டப் புள்ளியைச் சரிபார்க்கவும் போய்விடும். கடைசி வாரம் வரைபடம், பதிவேடு, குழி மூடல் என்று இருக்க வேண்டும். அப்போது யாரும் புதிதாக மண்ணைத் தொடக்கூடாது. மிஞ்சுவது 20, 22 நாள். ஆகஸ்ட் 15 மரியன்னை திருநாள். அதை ஒட்டி அலுவலகம், கடை, லாரி எதுவும் கிடைப்பது கடினம். அதற்கு முன்பே குழியை மூடிவிடுங்கள்.

அனுமதிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நேரடியாகப் போக முடியாது. ஏதென்ஸில் உள்ள தன் நாட்டுத் தொல்லியல் பள்ளி (ஆய்வு நிறுவனம்) வழியாகத்தான் விண்ணப்பம் போகும். கிரேக்கத் தொல்பொருள் சட்டம் (3028/2002, இப்போது 4858/2021 தொகுப்பில்) ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 3 தனி அகழாய்வும், கிரேக்கத் தொல்லியல் துறையோடு சேர்ந்து 3 அகழாய்வும்தான் தருகிறது. பள்ளிக்குள்ளேயே போட்டி இருக்கும் என்பதால் முந்தைய கோடையிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும்.

விசாவில் அதிகம் மாட்டிக்கொள்வது இந்தியக் கடவுச்சீட்டு உள்ள மாணவர்கள். அமெரிக்காவில் படித்தாலும் அவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் சேர்த்து எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். வசந்தத்தில் இத்தாலியில் கழித்த நாள்களும் இதில் சேரும். இதை மாணவர் கணக்கிட்டுக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

குழிப் பொறுப்பிலிருந்து:

10க்கு 10 மீட்டர் குழியை நான்காகப் பிரித்து, இடையில் தோண்டாத மண்ணை வரப்பாக விட்டுத் தோண்டிப் பழகியவர்கள் நம்மில் பலர். 1945இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டிய காலத்திலிருந்து நமக்கு வந்த பழக்கம் அது. வரப்பு இருந்தால் அதன் பக்கச்சுவரில் மண்ணடுக்கைப் பிறகு வந்தும் படிக்கலாம். பல களங்களில் இப்போது வரப்பு விடாமல் திறந்த பரப்பாகவே தோண்டுகிறார்கள். அங்கே அள்ளிய மண் போனது போனதுதான். ஆகவே ஒவ்வொரு மண்படிவுக்கும் தனி எண், தனித் தாள் வேண்டும். எது மேலே, எது கீழே என்பதை எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த அட்டவணையில் அன்றன்றே ஏற்ற வேண்டும். வாரக் கடைசிக்குத் தள்ளினால் 12ஆம் படிவு 15க்கு மேலே, 15ஆம் படிவு 12க்கு மேலே என்று சுழலும். அந்தச் சிக்கலை அவிழ்க்கக் களத்தில் மண் மிச்சமிருக்காது.

ஜூலை வெயிலில் மண் காய்ந்து எல்லாம் ஒரே வெளிறல் நிறமாகிவிடும். பிற்காலத்தில் யாரோ வெட்டிய குழியின் விளிம்பு கண்ணுக்குப் படாது. அதைத் தவறவிட்டால் பழைய தரையிலிருந்து பிந்தைய காசு வந்ததாகப் பதிவாகிவிடும். தோட்டத் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பிப் பனிபோல் தெளியுங்கள், விளிம்பு தெரியும். படம் எடுப்பதும் நிறம் பார்ப்பதும் வெயில் நேராக விழுமுன், காலையில் முடிய வேண்டும். ஆகஸ்டில் மெல்டெமி வடகாற்று தாள்களைப் பறக்கடிக்கும். பலகையில் இரண்டு பக்கமும் கவ்வி போடுங்கள்.

வாரத்துக்கொரு குழி என்று மாணவரை மாற்றுவதை நான் ஏற்கவில்லை. ஒரு குழியின் மண்ணைக் கை அறிவதற்கே ஒரு வாரம் ஆகும். மூடும்வரை அவரே அங்கிருந்து, இறுதி அறிக்கையையும் அவரே எழுதட்டும்.

அள்ளிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளிக் கொட்டுங்கள். ஆழம் 1.2 மீட்டரைத் தாண்டினால் பக்கத்தைப் படிபோல் வெட்டுங்கள், அல்லது முட்டுக் கொடுங்கள். காய்ந்த மண் சரியும்போது முன்கூட்டி எந்தச் சத்தமும் வராது. காலை 6.30க்குத் தொடங்கி 1.30க்கு நிறுத்துங்கள். ஒருவர் தலைசுற்றுகிறது என்று சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. வியர்வை நின்றாலோ பேச்சு குழறினாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கிடங்கிலிருந்து:

மேலே சொன்ன 20 நாளில் கழுவும் வேலையைச் சேர்க்கவில்லை. பிற்பகலில் தினம் இரண்டு மணி நேரம் அதற்கு வேண்டும். பானை ஓட்டை மென்மையான பிரஷ்ஷால் கழுவி, நிழலில் வலைத்தட்டில் முழுக்க உலர்த்துங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். வண்ணம் பூசிய ஓடு, உலோகம், ஒட்டிய உணவு எச்சத்தைச் சோதிக்க வேண்டிய ஓடு ஆகியவற்றில் தண்ணீர் படக்கூடாது. வெண்கலமும் இரும்பும் சிலிக்கா ஜெல் இட்ட பெட்டிக்குப் போக வேண்டும். கரியைக் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் பொதியுங்கள்.

ஒரு தட்டுக்கு இரண்டு சீட்டு, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இரண்டிலும் பென்சில்தான், ஏனென்றால் மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும். சீட்டு தொலைந்த ஓட்டின் இடம் யாருக்கும் தெரியாது, அதை ஆய்வில் சேர்க்க முடியாது.

விதை, எலும்பு, ஓட்டின் துண்டு எதையும் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. ஆய்வேட்டுக்கு ஒரு பொருளைப் பயன்படுத்த நினைக்கும் மாணவர் படம், அளவு, வரைபடம் எல்லாவற்றையும் கிடங்கிலேயே முடிக்க வேண்டும். வெளியிடும் உரிமை யாருக்கு என்பதையும் அங்கேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கடைசி வாரத்தைக் காலியாக வைக்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.