மீனாவுக்குப் பாராட்டு விழா: குடும்பக் குழுவில் பிளெக்ஸ் பேச்சு

செல்வம் சித்தப்பா: பிளெக்ஸ் மாதிரி வந்துவிட்டது. "மாவட்டச் சிலம்பப் போட்டியில் வாகை சூடிய எங்கள் மீனா". பார்த்துச் சொல்லுங்க. ஆறு மணிக்குள் அச்சுக்குப் போகணும்.

ராஜி அத்தை: என் தங்கம் 😍 சுத்திப் போடுங்க

பிரபு: வாகைன்னா வெற்றிதானே. அப்படியே போடலாமே

பெரியப்பா: பிரபு, வாகை ஒரு மரம்டா. அந்தக் காலப் போரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ உண்டு. ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, மதிலை வளைத்தால் உழிஞை, நேருக்கு நேர் மோதினால் தும்பை. வென்றவனுக்குத்தான் வாகைப் பூ. மாற்றாதீர்கள்.

முருகன் மாமா: போன தடவை தாய்மாமன் பேரே இல்லை. இப்போ?

செல்வம் சித்தப்பா: இருக்கு மச்சான், கீழே பாருங்க

முருகன் மாமா: கீழேயா

தீபா: பெரியப்பா, சிலம்பம் போர் இல்லையே?

பெரியப்பா: இல்லாவிட்டால் என்னம்மா. தொல்காப்பியர் வாகைத் திணையைப் போர்க்களத்தோடு நிறுத்தவில்லை. அவரவர் தத்தம் துறையில் மேம்படுவதே வாகை. அறிவனும் தவசியும் அதில் வருகிறார்கள், உழவரின் நெற்களமும் வருகிறது. இருட்டோடு எழுந்து கம்பு சுற்றிய பிள்ளைக்கு இல்லாத உரிமையா?

மீனா: 🙏🙏 பெரியப்பா

ராஜி அத்தை: சமையலுக்கு ஆள் சொல்லியாச்சா?

பெரியப்பா: செல்வம், படத்தில் இருப்பது தூங்குமூஞ்சிப் பூ. ரோஸ் நிறம். தென் அமெரிக்காப் பக்கத்திலிருந்து வந்த மரம் அது. வாகைப் பூ பச்சை கலந்த வெளிர் நிறத்தில் குஞ்சம் மாதிரி இருக்கும், வாசனை உண்டு. ரேஷன் கடை ஓரம் நிற்கிறதே, அதுதான் வாகை. காய்ந்த நெற்று காற்றில் சலசலக்கும். குறுந்தொகையில் அந்தச் சத்தத்தைக் கழைக்கூத்தாடிகளின் பறையொலிக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

ராஜி அத்தை: அந்த மரமா! ஆட்டுக்குத் தழை ஒடிப்போமே. ரோடு போட அதை வெட்டப் போறாங்களாம்

பிரபு: யார் சொன்னா??

ராஜி அத்தை: பால்காரர்

பெரியப்பா: வெட்ட விடக்கூடாது. நாளைக்கே தலைவரைப் பார்க்கணும். யார் வருகிறீர்கள்?

பிரபு: நான் வரேன்

செல்வம் சித்தப்பா: அண்ணே, அது அப்புறம். படம் மாற்ற இன்னும் 200 ரூபாய் கேட்கிறான்

முருகன் மாமா: நான் தரேன். என் பேரையும் மேலே ஏத்தச் சொல்லுங்க

செல்வம் சித்தப்பா: கேட்டுச் சொல்றேன்

ராஜி அத்தை: இலை 150 போதுமா, 200 வாங்கணுமா? யாராவது சொல்லுங்களேன்