புதுப்பிப்பு: 3–5 வயதுக் குழந்தைகளுக்கான மாணவர் அனிமேஷன் படம்

முந்தைய பதிவில் 3 நிமிடப் படத்துக்குத் திட்டம் போட்டிருந்தேன். அதை 90 விநாடியாகக் குறைத்துவிட்டேன். கணக்கு இதுதான்: விநாடிக்கு 24 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் நிலைக்காட்சி), வரைந்த ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 ஓவியம். 3 நிமிடத்துக்கு 2,160 ஓவியம், அதுவும் ஒரே பாத்திரத்துக்கு மட்டும். மூன்று பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பருவத்தில் அது ஆகாத காரியம். 90 விநாடி என்றால் 1,080.

"வாயசைவு ஒட்டவில்லை" என்று கேட்டவர்களுக்கு: முதலில் குரலைப் பதிவு செய்யுங்கள், படம் அப்புறம். தமிழுக்கு ஆறு வாய் வடிவம் போதும்: ம-ப (மூடிய உதடு), அ-ஆ, இ-எ, உ-ஒ, வ (கீழுதட்டில் பல்), மற்ற மெய்களுக்கு ஒன்று. 'அம்மா'வில் 'ம்ம' இரட்டிப்பதால் மூடிய வாயை 4 ஃபிரேமாவது நிறுத்துங்கள். ஒரே ஃபிரேமில் கடந்தால் அது 'ஆஆ' என்றுதான் தெரியும். வாய், ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முந்தியிருக்கலாம். பிந்தினால் உடனே உறுத்தும்.

கண் சிமிட்டலுக்கு 6 ஃபிரேம்: பாதி, முழு மூடல், மறுபடி பாதி, தலா 2. பேசாத இடத்தில் இதுவே உயிர் கொடுக்கும், வேலையும் மிச்சம்.

அனிமேட்டிக்கை (கதைப்பலகை ஓவியங்களை ஒலியோடு நேரப்படி அடுக்கிய முன்னோட்டத்தை) முடிக்காமல் வண்ணம் தீட்டாதீர்கள். வெட்டப்போகும் காட்சிக்கு நாலு நாள் வீணாகும். மின்னல் காட்சி வைப்பவர்கள் விநாடிக்கு மூன்று பளிச்சுக்கு மேல் போகாதீர்கள். வலிப்பு வரக்கூடிய குழந்தைகள் பார்க்கலாம்.

பின்னணி இசை அடுத்த பதிவில்.